கைமாறிய கிட்டார்கள்: சிங்கப்பூர் ‘ருத்ரா’வின் ஏறுமுகம்

‘ருத்ரா’ 1992ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கிய ஹெவி மெட்டல் குழு. தென்னிந்திய வம்சாவளியைச் சேர்ந்த கதிர், சிவா, பாலா ஆகிய மூவர் அதைத் தொடங்கினார்கள். கதிருக்குப் பாட்டும் பேஸ் கிட்டாரும், சிவாவுக்கு டிரம்ஸ், பாலாவுக்குக் கிட்டார். முதல் ஆல்பம் வெளிவர ஆறு ஆண்டுகள் ஆயின. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 1998இல் அது வந்தது. பிறகு 2001இல் ‘தி ஆரியன் கிரெஸ்ட்’, 2003இல் ‘குருக்ஷேத்ரா’. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்ற மூன்று பாக வரிசை. 2013இலும் 2016இலும் இன்னும் இரண்டு. 2022இல் ‘எய்ட் மகாவித்யாஸ்’. இந்த முப்பது ஆண்டுகளில் கதிரும் சிவாவும் தங்கள் இடத்தை விட்டு நகரவில்லை. கிட்டார் மட்டும் பலர் கைக்குப் போய்வந்தது.

ஆள் விலகினால் குழு தளர்ந்துபோகும் என்பதுதான் பொதுவான அனுபவம். ருத்ராவில் அப்படி நடக்கவில்லை. 2005இல் வந்த ‘பிரைமோர்டியல் ஐ’ ஆல்பத்துக்கும் 2009இல் வந்த ‘டிரான்ஸெண்டெண்டல் ஐ’ ஆல்பத்துக்கும் இடையில் கிட்டார் வரிசை மாறியது. நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வந்த அந்த ஆல்பம் முன்னதைவிடத் தெளிவானது, பெரியது, துணிச்சலானது. குழுவின் மொத்தப் பதிவுகளிலும் சிறந்தது அதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். கிட்டாரையே உடம்பாகக் கொண்ட இசையில், கிட்டார்க்காரர்கள் மாறியும் ஒரு குழு எப்படி மேலே ஏறியது என்பது விசாரிக்கத்தக்க விஷயம்.

சத்தத்துக்குள் இருக்கும் சங்கதி

ஹெவி மெட்டலின் பிறப்பிடம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது. அதன் கிட்டார்க் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில் தகரத் தகடு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தவர். இடக்கைப் பழக்கக்காரர் என்பதால் கம்பியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக்கில் விரலுறை செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய கம்பிகளைத் தேடினார். பிற்பாடு கம்பிகளின் சுருதியையும் தளர்த்தினார். சுருதி இறங்கியதும் ஓசை கனத்தது. ஒரு விபத்தின் விளைவாக வந்த அந்தக் கனம் இன்று உலகம் முழுக்க இந்த இசையின் இலக்கணமாகிவிட்டது.

மெட்டல் கிட்டாரின் அடிப்படைப் பிடிக்கு ‘பவர் கார்டு’ என்று பெயர். அதில் இருப்பவை ஆதார சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் மட்டுமே. நம் கணக்கில் ஸவும் பவும். தம்பூராவில் கேட்கும் அதே ஜோடியை மின்சாரத்தில் ஏற்றி, ஒலிபெருக்கியைக் கதற வைத்தால் கிடைப்பது பவர் கார்டு. மெட்டல் குழுக்கள் அதிகம் புழங்கும் ஸ்கேல்களும் தமிழ்க் காதுக்கு அந்நியமில்லை. மேற்கில் ‘ஏயோலியன்’ எனப்படுவது நடபைரவியின் சுரங்கள். ‘ஃபிரிஜியன்’ எனப்படுவது தோடியின் சுரங்கள். கமகம் இல்லாத தோடி தோடியே அல்ல என்று வித்வான்கள் சொல்வார்கள், சரிதான். சுரக்கட்டு ஒன்றே என்பது மட்டுமே இங்கே விஷயம்.

இதன் மேல் டிரம்ஸ். இரண்டு கால்களுக்கும் தனித்தனி மிதி வைத்து, அடி டிரம்மை இடைவிடாமல் உருட்டுவது டெத் மெட்டல் பிரிவின் அடையாளம். குரலோ உறுமல். வழக்கமான குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்களை அதிரவிட்டு எழுப்பும் ஓசை அது. முறையாகப் பழகாமல் கத்தினால் தொண்டை புண்ணாகிவிடும். உறுமலில் ராகத்துக்கு வேலை குறைவு; சொல்லின் தாளத்துக்கே வேலை அதிகம். ருத்ராவின் பாட்டுகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு குறிப்பு முக்கியம்.

ஆள் மாறிய ஆல்பங்கள்

மெட்டல் வரலாற்றில் ஆள்மாற்றம் எத்தனையோ முறை நடந்திருக்கிறது. நல்ல விளைவுக்கு முதல் சாட்சி பிளாக் சப்பாத்தே. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 1979இல் வெளியேற்றப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘நெவர் சே டை’ சோர்ந்துபோன ஆல்பம். ரானி ஜேம்ஸ் டியோ வந்தார். 1980 ஏப்ரலில் ‘ஹெவன் அண்ட் ஹெல்’ வந்தது. பழைய பாடகர் கிட்டார் போன வழியிலேயே பாடிக்கொண்டு போவார். டியோ கிட்டாருக்கு எதிர்த் திசையிலும் பாடக்கூடியவர். அதனால் அயோமி புதுமாதிரி மெட்டுகளைக் கட்ட வேண்டியிருந்தது. அதுவரை பாட்டு வரிகளை எழுதிவந்த பேஸ் கலைஞர் கீஸர் பட்லரிடமிருந்து அந்த வேலையும் டியோ கைக்குப் போனது. வந்தவர் பழையவரின் சட்டையைப் போட்டுக்கொள்ளவில்லை. குழு தன் உடுப்பையே மாற்றித் தைத்துக்கொண்டது.

அயர்ன் மெய்டன் கதை இதைவிட நீளம். 1975இல் குழுவைத் தொடங்கிய பேஸ் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ்தான் அங்கே அச்சாணி. 1981இல் பாடகர் பால் டியானோ போய் புரூஸ் டிக்கின்சன் வந்தார். அடுத்த ஆண்டு வெளியான ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ பிரிட்டிஷ் தரவரிசையில் குழுவுக்கு முதல் முறையாக முதலிடம் வாங்கித் தந்தது. டிக்கின்சன் 1993இல் விலகியதும் பிளேஸ் பெய்லி பாடினார். 1995இலும் 1998இலும் இரண்டு ஆல்பங்கள் வந்தன. பழைய பாடல்களின் உச்ச சுருதி பெய்லியின் கனத்த குரலுக்கு ஒத்துவரவில்லை. குழுவும் அவருக்காகச் சுருதியை இறக்கவில்லை. 1999இல் டிக்கின்சன் திரும்பினார். 1990இல் விலகியிருந்த கிட்டார்க் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித்தும் கூடவே வந்தார். இடைக்காலத்தில் அவர் இடத்தில் இருந்த ஜானிக் கெர்ஸை அனுப்பாமல், மூன்று கிட்டார்களோடு 2000ஆம் ஆண்டு ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ பதிவானது. ஊரெல்லாம் மீட்சி என்று கொண்டாடியது நியாயம்தான்.

எதிர்மாறான உதாரணமும் உண்டு. மெட்டாலிகாவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் ஜேசன் நியூஸ்டெட். 1988இல் வெளியான ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் அவருடைய பேஸ் காதில் விழவே விழாது. கலவையில் அடக்கிவைத்துவிட்டார்கள். பாட்டுகள் அருமையானவை, ஆனால் ஓசை அடித்தளம் இல்லாத வீடு. புதியவரைச் சேர்த்துக்கொண்டு அவருக்கு இடம் தராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆல்பமே நிரந்தரச் சாட்சி.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஆள்மாற்றத்தால் ஆல்பம் தேறுவதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பாட்டைக் கட்டுபவர் நிலைத்திருக்க வேண்டும்; வந்தவர் தன் வழியில் வாசிக்க விடப்பட வேண்டும். செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளில் நாதஸ்வர செட்டைக் கவனித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. முதல் நாயனம் அதேதான். ‘ஸ்பெஷல் தவில்’ என்று பத்திரிகையில் போட்டு வெளியூர்க் கலைஞரை வரவழைப்பார்கள். அவருக்குத் தனி விட்டுக்கொடுத்தால்தான் அன்றைய கச்சேரி எழும்பும்.

டேங்க் ரோட்டுக்கு அந்தப் பக்கம்

ருத்ரா பிறந்த சிங்கப்பூர், தேவகோட்டை போன்ற செட்டிநாட்டு ஊர்க்காரர்களுக்குத் தெரியாத ஊர் அல்ல. கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, கப்பலேறிய நகரத்தார் அங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் வரவு செலவு பார்த்தார்கள். டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலை 1859இல் கட்டினார்கள். கோயிலுக்கு அருகே இருப்பது ஃபோர்ட் கேனிங் குன்று. அதன் மறுபக்க அடிவாரத்தில் ஆர்மீனியன் ஸ்ட்ரீட். அங்கே நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990இல் தொடங்கிய ‘சப்ஸ்டேஷன்’ கலை மையத்தின் தோட்டத்தில்தான் அந்த ஊர் ராக், மெட்டல் குழுக்கள் மேடையேறின.

சத்தம் என்றால் முகம் சுளிக்கும் நகரம் அது. டேங்க் ரோட்டில் முடியும் தைப்பூச ஊர்வலத்தில் மேளம் வாசிக்கவே 1973இல் தடை வந்தது. 2016இல்தான் வழியில் சில இடங்களில் மட்டும் வாசிக்க அனுமதி கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் ராக் கச்சேரிகளில் ஒருவரோடு ஒருவர் முட்டிமோதி ஆடுவதற்கும் கட்டுப்பாடு போட்டார்கள். காவடிக்குத் தவில் கூடாது என்றிருந்த அதே காலத்தில், அதே ஊரில், இரண்டு கால்களாலும் டிரம்மை உருட்டும் தமிழ்ப் பையன்கள் கிளம்பினார்கள் என்பதை யோசித்தால் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது.

டெத் மெட்டலின் அன்றைய பாடுபொருள்கள் பிணம், சாத்தான், போர், கொலை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் ஸ்வீடனிலும் அதில் கரைகண்ட குழுக்கள் இருந்தன. சிங்கப்பூர்ப் பையன்கள் அவர்களை அப்படியே படியெடுத்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ருத்ரா வேறு சரக்கைக் கையில் எடுத்தது: வேத மந்திரங்கள், உபநிடதம், மகாபாரதம், அத்வைதம். சிவன் கோயில் அபிஷேகத்தில் ஓதும் ஸ்ரீருத்ரத்தின் தலைவனையே பெயராக வைத்துக்கொண்டது. இதற்கு ‘வேதிக் மெட்டல்’ என்று பெயர் நிலைத்தது. கதிர் மேடைக்கு வெளியே வேதாந்தம் கற்றுக் கற்பிப்பவர் என்பதால் இது வெறும் வேஷமாகப் போகவில்லை.

சுலோகமும் ரிஃப்பும்

ஆனால் நல்ல சரக்கு கையில் இருப்பது மட்டும் நல்ல பாட்டு ஆகிவிடாது. முதல் இரண்டு ஆல்பங்களில் மந்திரம் பெரும்பாலும் வாசல் கோலம். உள்ளே போனால் வழக்கமான டெத் மெட்டல். ‘குருக்ஷேத்ரா’வில் மகாபாரதப் போர்க்களம் ஆல்பம் முழுக்க ஒரே நூலாக ஓடுகிறது. இசையும் கதையும் அங்கேதான் முதல் தடவையாகக் கைகோக்கின்றன. ஆல்பம் வந்தபோது குழுவுக்கு வயது பதினொன்று.

‘பிரம்மவித்யா’ வரிசையில் கதை இல்லை, விசாரணைதான். தலைப்புகளில் வரும் ‘ஐ’ ரோமன் எண் ஒன்று அல்ல, ஆங்கிலத்தின் ‘நான்’, ஆன்மா. முதல் பாகமான ‘பிரைமோர்டியல் ஐ’ நல்ல ஆல்பம்தான். ஆனால் நீளமாக ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டு போகிறது. கேட்பவருக்கு மூச்சு விட நேரம் தருவதில்லை.

2009இல் வந்த ‘டிரான்ஸெண்டெண்டல் ஐ’ அங்கேதான் வேறுபடுகிறது. கிட்டார் அணி மாறிவிட்டது. புதிய கைகளில் கிட்டார் வெறும் கற்சுவராக நிற்காமல் மெட்டுப் பாடுகிறது. இரண்டு கிட்டார்களும் ஒரே வரியை ஒட்டி வாசிப்பது குறைந்து, ஒன்று கீழே தாங்க மற்றொன்று மேலே இழைகிறது. இடையிடையே வேகம் தணிகிறது. ஓதல் வரும் இடங்களில் கிட்டார் ஒதுங்கி வழிவிடுகிறது. ஒலிப்பதிவும் தேறியிருக்கிறது: டிரம்மின் ஒவ்வொரு அடியும் தனித்துக் கேட்கிறது, பேஸ் புதைந்துபோகவில்லை. பாடகரே பேஸ் வாசிக்கும் குழுவில் பேஸ் கேட்டே ஆக வேண்டும். மெட்டாலிகா செய்த தவறு இங்கே நடக்கவில்லை.

அந்த ஆல்பத்தில் ‘ஹிம்ஸ் ஃப்ரம் தி பிளேஸிங் சாரியட்’ என்று ஒரு பாட்டு. தேரில் எழுந்த கீதையை நினைவூட்டும் தலைப்பு. சுலோகமும் மெட்டலும் எங்கே பொருந்துகின்றன என்பதை விளக்க யாப்புக் கணக்கு ஒன்று உதவும். கீதையின் 700 சுலோகங்களில் பெரும்பாலானவை அனுஷ்டுப் யாப்பில் அமைந்தவை. ஒரு பாதத்துக்கு எட்டு அசை, நான்கு பாதம், மொத்தம் முப்பத்திரண்டு. மெட்டல் பாட்டின் சாதாரணத் தாளக்கட்டு நாலு எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினால் எட்டு. ஒரு ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை, நான்கு தடவை வாசிப்பது வழக்கம். ஆக எட்டு அசைப் பாதம் ஒரு சுற்றுக்குள் உட்காரும். நான்கு சுற்றில் சுலோகம் முடியும். ராகம் இல்லாத உறுமல் குரலுக்கு இதைவிட வசதியான சட்டகம் கிடைப்பது அரிது. வேத ஓதலிலும் சுரங்கள் சிலவே. ஏற்ற இறக்கமும் மாத்திரையுமே அங்கே எல்லாம். தொண்டையால் உறுமுபவருக்கும் வேதம் ஓதுபவருக்கும் உள்ள தூரம் நினைப்பதைவிடக் குறைவு. இப்படிச் சொன்னால் இரு தரப்பும் கோபித்துக்கொள்ளலாம்.

எட்டு அசையை எட்டுத் தட்டில் வைத்தால் மட்டும் பாட்டு நிற்காது. சமஸ்கிருத அசைகளில் குறிலும் நெடிலும் மாறி மாறி வரும். நெடில் விழும் இடத்தில் டிரம் அழுத்தம் சேராவிட்டால் சொல் நொண்டும். இதைச் சரிக்கட்டுவது கதிரும் சிவாவும் சேர்ந்து செய்யும் வேலை. முப்பது ஆண்டுகள் ஒரே ஜோடியாக இருந்ததன் பலன் இங்கேதான் தெரிகிறது. ருத்ராவின் முதுகெலும்பு குரலும் பேஸும் டிரம்ஸும், கிட்டார் தசை. தசை மாறினாலும் நடை மாறாததற்குக் காரணம் இதுவே. பிளாக் சப்பாத்தில் அயோமியின் கிட்டாருக்கு இருந்த இடம் இங்கே தாளத்துக்கு இருக்கிறது.

தமிழ் எங்கே?

ருத்ராவின் பாட்டு மொழி ஆங்கிலமும் சமஸ்கிருதமும். தமிழ்க் குழுவுக்குத் தமிழ் ஏன் இல்லை என்ற கேள்வி இங்கே எழத்தான் செய்யும். தேவாரமும் சித்தர் பாடல்களும் கையில் இருக்க, அதே வேகத்தையும் அதே தத்துவத்தையும் தமிழில் கொண்டுவந்திருக்கலாமே என்ற குறை நியாயமானது. சித்தர்களின் சில பாடல்களில் இருக்கும் ஆவேசத்துக்கு டெத் மெட்டல் பொருத்தமான வாகனம். சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தின் இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன், வேதிக் மெட்டலையும் அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலையும் பற்றி 2009இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார். மெட்டல் ரசிகர்களுக்கு ருத்ராவின் பாட்டு அதிகப்படி பக்தி. பக்தர்களுக்கு அது அபசாரம். நடுவில் நின்றுதான் குழு வாசிக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் இந்த இசைக்கு ரசிகர்கள் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடியின் ‘சாரங்’ விழாவுக்கு 2009இல் ஸ்வீடனின் ஓபெத் வந்து வாசித்தது. தென்னிந்தியாவின் மெட்டல் தலைநகரம் என்றால் பெங்களூருதான். 2007 மார்ச்சில் அங்கே பேலஸ் மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தபோது நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ரசிகர்கள் ரயிலேறி வந்தார்கள். அதே ஊரின் ‘கிரிப்டோஸ்’ 1998இல் தொடங்கிய குழு. அங்கேயும் ஆட்கள் மாறினார்கள், பாடகரும் கிட்டார்க் கலைஞருமான நோலன் லூயிஸ் நிலைத்து நின்றார், ஆல்பங்கள் மெருகேறின. 2013இல் ஜெர்மனியின் வாக்கன் திருவிழாவிலும் அது மேடையேறியது.

2011இல் ‘இம்மார்ட்டல் ஐ’ ஆல்பத்தோடு ருத்ராவின் ‘பிரம்மவித்யா’ வரிசை நிறைவுற்றது. அதில் 2009இன் துணிச்சல் கொஞ்சம் பழக்கமாகிவிட்டது என்றாலும் வாசிப்பில் குறை இல்லை. பிரபஞ்ச ஒழுங்கைக் குறிக்கும் ‘ருத’ என்ற வேதச் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட 2013 ஆல்பமும், 2016இன் ‘எனிமி ஆஃப் டூயலிட்டி’யும் அதே தடத்தில் வந்தவை. 2022 ஆல்பம், முப்பது ஆண்டு நிறைந்த குழு இன்னும் மந்தமாகவில்லை என்று காட்டுகிறது.

புதிதாகக் கேட்க விரும்புபவர்கள் ‘குருக்ஷேத்ரா’வில் தொடங்கி, ‘பிரைமோர்டியல் ஐ’, ‘டிரான்ஸெண்டெண்டல் ஐ’ என்ற வரிசையில் போகலாம். செல்போன் ஒலிபெருக்கியில் பேஸ் கேட்காது, ஹெட்ஃபோன் வேண்டும். முதல் தடவை உறுமலை விட்டுவிட்டு, டிரம்ஸையும் கிட்டாரையும் மட்டும் பின்தொடர்வது நல்லது. மூன்று ஆல்பங்களிலும் டிரம்ஸ் ஒருவருடையதே என்பதும், மூன்றாவதில் கிட்டார் வேறு கை என்பதும் தானாகவே தெரியும்.